கரும்பலகைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுப் பெட்டிகள்: வீட்டில் கணிதமும் அறிவியலும் கற்பிப்பது யாருடைய பொறுப்பு?

மும்பை எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு நாள், கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்து காட்டுமாறு மாணவர் பீமராவை ஆசிரியர் அழைத்தார். வகுப்பில் உடனே கூச்சல் எழுந்தது. சாதி இந்து மாணவர்கள் தம் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தனர். பீமராவ் அருகில் சென்றால் உணவு தீட்டாகிவிடும் என்று ஓடிச் சென்று பெட்டிகளை அப்புறப்படுத்தினர். அதன் பிறகே அவரால் பலகையை நெருங்க முடிந்தது. தனஞ்சய் கீர் எழுதிய அம்பேத்கர் வாழ்க்கை வரலாற்றில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியைப் பள்ளித் தீண்டாமைக்குச் சான்றாக நாம் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். ஆனால் அதில் இன்னொரு கேள்வியும் அடங்கியுள்ளது. அவ்வளவு பகைமை சூழ்ந்த வகுப்பறையில் எழுந்து நின்று கணக்குப் போடும் திறனையும் துணிவையும் அந்தச் சிறுவர் எங்கிருந்து பெற்றார்?

விடையின் பெரும்பகுதி பரேல் பகுதியின் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறது. சமையல், உறக்கம், படிப்பு என எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். தந்தை ராம்ஜி சக்பால் மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, தாம் விழித்திருந்து, அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டுப் பிறகு தாம் படுப்பார். மண்ணெண்ணெய் விளக்கொளியில் படிப்பு தொடரும். இதை ஒரு தந்தையின் தியாகக் கதையாக மட்டும் வாசித்தால் முக்கியமான ஒன்றைத் தவறவிடுவோம். ராம்ஜி ஒரு பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். பிரிட்டிஷ் இந்தியப் படை தன் சிப்பாய்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நடத்திய பள்ளி அமைப்பே அவரை ஆசிரியராக்கியது. மகர்களைப் படையில் சேர்ப்பது 1890களில் நிறுத்தப்பட்டபோது, ஒரு சமூகம் வேலைவாய்ப்போடு சேர்த்து இத்தகைய கல்விக்கான வாசலையும் இழந்தது. ஆக, அந்த வீட்டில் கிடைத்த கல்விக்கு அடித்தளமிட்டது ஒரு பொது நிறுவனம்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும் கற்பிப்பது பற்றி இன்று ஏராளமான அறிவுரைகள் புழங்குகின்றன. காணொளிகள், செயலிகள், பயிற்சி ஏடுகள், விடுமுறை முகாம்கள் எனப் பெற்றோருக்கான சந்தை விரிந்துகொண்டே போகிறது. இவை அனைத்தும் ஒரு வீட்டை முன்னரே கற்பனை செய்துகொள்கின்றன. அந்த வீட்டில் தனி மேசை இருக்கும். மாலை ஆறு மணிக்குப் பட்டதாரிப் பெற்றோர் ஒருவர் களைப்பின்றி அமர்ந்திருப்பார். பின்னமும் ஒளிச்சேர்க்கையும் அவருக்கு மறந்திருக்காது. அத்தகைய வீடு தலைமுறைகளாகச் சேர்ந்த சாதி மூலதனத்தின் விளைவு. அதை எல்லோருக்கும் பொதுவான இயல்பான வீடாகக் கொண்டு பாடத்திட்டமும் வீட்டுப்பாடமும் தேர்வும் அமைக்கப்படும்போது, முதல் தலைமுறையாகப் படிக்கும் குழந்தை தொடக்கக் கோட்டுக்குப் பல அடி பின்னால் நிறுத்தப்படுகிறது.

பெருந்தொற்று காட்டிய உண்மை

2020 மார்ச் முதல் பள்ளிகள் மூடப்பட்டபோது, நாடு முழுவதும் வீடே பள்ளி என்று அறிவிக்கப்பட்டதற்கு ஒப்பான நிலை ஏற்பட்டது. 2017-18ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 விழுக்காடு. இந்த நாட்டில்தான் இணையவழிக் கல்வி மாற்று ஏற்பாடாக முன்வைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினர். கிராமப்புறக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினரே தொடர்ச்சியாக இணையவழியில் படித்துவந்தனர். 37 விழுக்காட்டினர் எதையுமே படிக்கவில்லை. கிராமப்புறத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் தொடர்ந்து இணையவழியில் படித்தவர்கள் 4 விழுக்காடு மட்டுமே. பிற கிராமப்புறக் குழந்தைகளிடையே இது 15 விழுக்காடு. வறுமைக்குள்ளும் சாதியின் கோடு எவ்வளவு அழுத்தமாக ஓடுகிறது என்பதை இந்த இரு எண்கள் காட்டுகின்றன.

தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இந்த இடைவெளியை ஒப்புக்கொண்ட திட்டம். தன்னார்வலர்கள் குழந்தைகளின் குடியிருப்புகளுக்கே சென்று, மாலை வேளைகளில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கற்பித்தார்கள். வீட்டுக் கல்வியைப் பெற்றோரின் தலையில் கட்டாமல், அரசு அதைத் தன் கடமையாக ஏற்ற வகையில் அது வரவேற்கத்தக்கது. அதே நேரத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் ஓர் இளம்பெண், நிரப்பப்படாத கணித ஆசிரியர் பணியிடத்துக்கும் இல்லாத ஆய்வகத்துக்கும் ஈடாக முடியாது. மாலை வகுப்பு ஊர்த் தெருவில் நடந்ததா, சேரியில் நடந்ததா, இரு பகுதிக் குழந்தைகளும் ஒரே பாயில் அமர்ந்தார்களா என்பவை அத்திட்டத்தை மதிப்பிடும்போது கேட்கப்பட வேண்டிய முதன்மையான கேள்விகள்.

இதற்கிடையில் சந்தை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கிராமப்புறங்களில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிப்போரில் கட்டணத் தனிப்பயிற்சிக்குச் செல்வோர் 2018இல் 26.4 விழுக்காடாக இருந்து 2022இல் 30.5 விழுக்காடாக உயர்ந்ததாக ஏசர் அறிக்கை கூறுகிறது. 2024ஆம் ஆண்டின் அதே அறிக்கைப்படி, கிராமப்புற ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 30.7 விழுக்காட்டினரே. பள்ளி கற்றுத்தராததை வீடு விலைக்கு வாங்குகிறது. வாங்க இயலாத வீட்டின் குழந்தைக்குக் 'கணக்கு வராது' என்ற முத்திரை குத்தப்படுகிறது. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, மருத்துவ இடம் பெற்றோரில் மறுமுறை தேர்வெழுதியோரின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்து 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்ததைச் சுட்டியது. பிள்ளை ஓராண்டோ ஈராண்டோ சம்பாதிக்காமல் வீட்டில் இருந்து பயிற்சி பெறுவதைத் தாங்கக்கூடிய குடும்பம் எது என்பதே அந்த எண்ணுக்குள் இருக்கும் சாதிக் கேள்வி.

சேரி வீட்டில் கணக்கு இல்லையா?

இங்கே எதிர்ப்பக்கத்துத் தவறொன்றையும் செய்துவிடக் கூடாது. பட்டதாரிப் பெற்றோர் இல்லாத வீட்டில் கணிதமே இல்லை என்று கருதுவது அத்தவறு. 1985இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவோரம் விற்பனை செய்த சிறுவர்களை டெரெசின்யா கராஹெர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சந்தித்தனர். வாடிக்கையாளர்போல் பேசி விலை கேட்டபோது சிறுவர்களின் விடைகளில் 98 விழுக்காடு சரியாக இருந்தன. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகத் தந்தபோது சரியான விடைகள் 37 விழுக்காடாகச் சரிந்தன. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஐவர் மட்டுமே. ஆனால் 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் துஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்த 1,400க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதே இடைவெளியைக் கண்டது. சந்தையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே போடும் குழந்தை, பாடநூல் வடிவிலான எளிய கணக்கில் தடுமாறுகிறது. சந்தை அனுபவம் இல்லாத பள்ளிக் குழந்தை, பாடநூல் கணக்கைச் செய்துவிட்டுச் சந்தைக் கணக்கில் தடுமாறுகிறது.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கிலோ 40 ரூபாய் வெங்காயத்தில் 750 கிராம் வாங்கி நூறு ரூபாய்த் தாளைத் தந்தால் மீதி எவ்வளவு? கடையில் நிற்கும் சிறுமி, 'அரைக் கிலோ இருபது, கால் கிலோ பத்து, ஆக முப்பது. மீதி எழுபது' என்பாள். அவள் செய்தது 40 × (½ + ¼) என்ற பெருக்கல். இதற்குப் பங்கீட்டு விதி என்று பெயர் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில் '40 × 0.75 =' என்று எழுதப்படும்போது, இரண்டும் ஒன்றே என்பதும் அவளுக்குத் தெரிவதில்லை. அவளுக்கு மறுக்கப்பட்டது அந்த இணைப்பு. வாய்க்கணக்குக்கும் எழுத்துக்கணக்குக்கும் இடையே பாலம் போடுவதுதான் கற்பித்தல். அந்தப் பாலம் போடப்படாத வகுப்பறை, குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்கிறது.

குலக்கல்வி என்னும் படுகுழி

'வீட்டு அறிவைப் போற்றுவோம்' என்ற முழக்கத்தையும் நாம் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான நினைவு உண்டு. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப்புறக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலை வீட்டிலேயே கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். வீடு ஒரு பள்ளி என்ற இனிமையான சொல்லுக்குள் சாதித் தொழிலைப் பரம்பரையாக்கும் திட்டம் ஒளிந்திருக்க முடியும் என்பதே அன்று கற்ற பாடம். 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கக் கோரிய தமிழ்நாடு அரசு, 2024இல் அத்திட்டத்தை அந்த வடிவில் ஏற்க மறுத்தது. அந்த நினைவு இன்னும் உயிர்ப்புடன் இருப்பதையே இது காட்டுகிறது.

வீட்டு அனுபவம் எங்கே முடிகிறது, அறிவியல் எங்கே தொடங்க வேண்டும் என்பதை நம் மக்களின் வாழ்விலிருந்தே காட்டலாம். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி என்றால் பத்தாயிரத்துக்கு மாதம் ஐந்நூறு, ஆண்டுக்கு ஆறாயிரம் என்று எந்தத் தாயும் வாயாலேயே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு கடன் நிறுவனம் 'ஆண்டுக்கு 12 விழுக்காடுதான்' என்று சொல்லி, பன்னிரண்டு மாதத் தவணையில் பத்தாயிரம் தருகிறது என்று கொள்வோம். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முழுப் பத்தாயிரத்துக்கும் ஆண்டு இறுதிவரை வட்டி கணக்கிடப்படுகிறது. இக்கடனின் உண்மையான வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டும். வாய்க்கணக்கு இதைக் காட்டிக்கொடுக்காது. குறையும் நிலுவையைக் கணக்கிடும் இயற்கணிதம் காட்டிக்கொடுக்கும்.

இன்னும் கொடிய எடுத்துக்காட்டு, கழிவுநீர்த் தொட்டி. அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் நச்சு வாயு இருக்கிறது என்பது அனுபவ அறிவு. நாற்றம் இல்லையென்றால் ஆபத்தில்லை என்று அதிலிருந்து முடிவு செய்வது உயிரைப் பறிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடின் செறிவு மிகும்போது அது முகரும் உணர்வையே செயலிழக்கச் செய்துவிடுகிறது. தொட்டிக்குள் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; அங்கு நிகழும் சாவுக்குப் பொறுப்பு இறக்கியவர்களுக்கும் அரசுக்குமே தவிர, இறந்தவரின் அறியாமைக்கு இல்லை. ஆயினும் அந்த வாயுவின் வேதியியலைப் பத்தாம் வகுப்பு மாணவர் தம் தெருவின் வாழ்வோடு இணைத்துப் படிப்பது, உள்ளே இறங்க மறுக்கும் உரிமைக்கு வலுச் சேர்க்கும். பறையை நெருப்பில் காய்ச்சும்போது தோலின் ஈரம் வற்றி இறுக்கம் கூடுவதும், அதனால் ஒலியின் அதிர்வெண் உயர்வதும் இயற்பியல் பாடம். அப்பாடம் குழந்தையை ஒலியியலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சாவு வீட்டு வாசலில் மீண்டும் நிறுத்துவதற்குச் சான்றிதழாகிவிடக் கூடாது.

வீட்டிலிருந்து பள்ளிக்கு: ஒரு கறுப்பினத் தந்தையின் வழி

பள்ளியே சாதி வன்மத்தின் களமாக இருக்கும்போது, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். அமெரிக்காவில் 2020இன் வசந்த காலத்தில் 3.3 விழுக்காடாக இருந்த, வீட்டுக் கல்வியைத் தேர்ந்த கறுப்பினக் குடும்பங்களின் பங்கு, அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் 16.1 விழுக்காடானது என்று அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் பதிவு செய்துள்ளது. பெருந்தொற்றோடு, பள்ளிகளில் நிலவும் இனப்பாகுபாட்டிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் விருப்பமும் இதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. நம் சூழலில், அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருக்கக்கூடிய பெற்றோர் மிகச் சிலரே. மேலும், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டது அவருடைய வீட்டுக்குள்தான். வகுப்பறையின் சாதியிலிருந்து தப்பிக்கும் புகலிடமாக வீடும் இருப்பதில்லை.

இதற்கு வேறொரு பாதையைக் காட்டியவர் ராபர்ட் மோசஸ். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். 1982இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில், தம் மகள் எட்டாம் வகுப்பில் சேர்ந்த பள்ளியில் இயற்கணிதம் கற்பிக்கப்படவில்லை என்று கண்டார். அதுவரை அவளுக்கு வீட்டில் கணிதம் கற்பித்துவந்தவர் அவர். பள்ளியில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை என இருமுறை கணக்குப் போட மகள் மறுத்துவிட்டாள். ஆசிரியை ஒருவர் அவரை வகுப்பறைக்கே அழைக்க, மகளோடு வேறு சில மாணவர்களுக்கும் அங்கே கற்பித்தார். அதிலிருந்து பிறந்ததே இயற்கணிதத் திட்டம். பின்னாளில் அது அமெரிக்காவின் பல நகரங்களுக்கும் தென்மாநிலங்களின் ஏழைப் பள்ளிகளுக்கும் பரவியது.

அவர் கையாண்ட முறை நமக்கு நெருக்கமானது. மாணவர்களைச் சுரங்க ரயிலில் அழைத்துச் செல்வார். பயணத்தைப் படமாக வரையவும் தம் மொழியில் சொல்லவும் வைப்பார். பிறகு, புறப்பட்ட நிலையத்தைச் சுழியமாகக் கொண்டு, ஒரு திசை மிகை எண், எதிர்த்திசை குறை எண் என்று எண்கோட்டுக்கு அழைத்து வருவார். அனுபவத்திலிருந்து குறியீட்டுக்கு ஏறும் படிக்கட்டு அது. தொழில்நுட்ப யுகத்தில் கணித அறிவு வாக்குரிமைக்கு இணையான குடியுரிமைக் கேள்வி என்பது அவருடைய நிலைப்பாடு. ஒரு வீட்டின் மேசையில் தொடங்கிய பாடத்தை எல்லாக் குழந்தைகளுக்குமான உரிமைக் கோரிக்கையாக அவர் மாற்றினார்.

இந்தியாவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 அரசுப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமத்துக் குழந்தைகள் மலிவான பொருள்களைக் கொண்டு தாமே சோதனை செய்து கற்க முடியும் என்பதை முப்பது ஆண்டுகள் நிறுவிக் காட்டியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. தீக்குச்சியும் மிதிவண்டி வால்வு குழாயும் கொண்டு வடிவியல் கற்பிக்கும் அர்விந்த் குப்தாவின் முறை அந்தத் திட்டத்தோடு தொடர்புடையது. மலிவான பொருள்களால் அறிவியல் கற்பிக்க முடியும் என்பது உண்மை. ஏழைப் பள்ளிக்கு ஆய்வகமே வேண்டாம் என்பதற்கு அதைச் சாக்காக்குவதை ஏற்க முடியாது.

செய்ய வேண்டியவை

மாலை வகுப்புகளையும் இரவுப் பள்ளிகளையும் நடத்தும் தோழர்கள், கல்லூரி மாணவர்கள் இதிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்துத் தரும் இடமாக மட்டும் அம்மையங்கள் சுருங்கக் கூடாது. தாய் வாயால் சொல்லும் கணக்கைக் குழந்தை எழுத வேண்டும். எழுதியதைக் குறியீடாக்க வேண்டும். நூறு நாள் வேலையில் வெட்டிய பள்ளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 3 கன மீட்டர். ஆழத்தை 0.4 மீட்டர் என்று பதிந்தால் அது 2.4 ஆகிவிடுகிறது, உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஏட்டிலிருந்து மறைந்துபோகிறது. கன அளவு பாடத்தை இப்படிக் கற்கும் குழந்தை தேர்விலும் வெல்லும், தாயின் கூலிச் சீட்டையும் சரிபார்க்கும். தாய்க்கும் தன் பிள்ளையின் பாடத்தில் தனக்கு இடமுண்டு என்பது புரியும். பெண் குழந்தைகள் இம்மையங்களுக்கு வர வேண்டுமானால் அவர்களின் மாலை நேர வீட்டு வேலையைக் குடும்பம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் பேசியாக வேண்டும்.

அதே மூச்சில் அரசிடம் கேட்க வேண்டியவை உள்ளன. தமிழ்நாட்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு 2023 நிதிநிலை அறிக்கையில் வந்தபோது, அவை யாருடைய நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்று நிறைய விவாதித்தோம். ஒவ்வொரு பள்ளியிலும் கணிதப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறதா, விடுதியில் படிக்க மேசையும் விளக்கும் உண்டா என்று பள்ளிவாரியாகக் கணக்கெடுத்து வெளியிடக் கோருவது அவ்விவாதத்தின் அடுத்த கட்டமாக அமைய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இக்கேள்விகளைத் தத்தம் வட்டாரத்தில் மாணவர் அமைப்புகளே எழுப்பலாம். மாலை நேரக் கற்பித்தலுக்கு ஆட்களை அமர்த்தும்போது சேரியின் பட்டதாரிகளுக்கு முன்னுரிமையும், ஊக்கத்தொகை என்ற பெயரில் சில்லறை வழங்காமல் முறையான ஊதியமும் வேண்டும்.

ராம்ஜி தம் மகனை எழுப்பிய அந்த இரண்டு மணிக்குப் பின்னால் ஒரு பள்ளியும் ஒரு பதவியும் ஓய்வூதியமும் இருந்தன. இன்று அதே நேரத்தில் கூலி வேலைக்குக் கிளம்பும் தாயிடம், பிள்ளைக்கு ஏன் கணக்குச் சொல்லித்தரவில்லை என்று பள்ளி கேட்கிறது. அக்கேள்வியைத் திருப்பி, அவரிடமுள்ள கணக்கைப் பள்ளி ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்றும், அதற்கு மேலான கணக்கை அவர் பிள்ளைக்கு ஏன் கற்றுத்தரவில்லை என்றும் நாம் கேட்க வேண்டும்.